பழனி பஸ்ஸும் ஒரு சால்வையும்

அக்கா, இன்றைக்குப் பழனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். அந்த வாசத்தில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் கையிலும் ஒன்று இருந்தது.

மலைமேல் வட்டக்கானல் விடுதியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அறைகளைச் சுத்தம் செய்வோம். காலையில் நீங்கள் ஒன்றும் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. டீ கொடுத்தாலும் வேண்டாம் என்பீர்கள். "என்னக்கா, தெனமும் விரதமா?" என்று கேட்டால், "ஆமாடி, முருகனுக்கு" என்று சிரிப்பீர்கள். கல்யாணம், காட்சி எதற்கும் வரமாட்டீர்கள். என் மகளின் காதுகுத்துக்குத்தான் நான் விடாமல் கெஞ்சி, பழனிக்குக் கிளப்பினேன்.

மலைப்பாதையில் பாதி இறங்கியிருப்போம். திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். "எறங்கணும்டி. வெரசா."

"இங்க ஸ்டாப் இல்லம்மா," என்றார் கண்டக்டர்.

நான் கத்திய கத்தலில் வண்டி நின்றது. ஆனால் அதற்குள் சேலையிலேயே போய்விட்டது. என் சால்வையை உங்கள் இடுப்பில் சுற்றி இறக்கினேன். பஸ்ஸில் பிள்ளைகளோடு இருந்த என் வீட்டுக்காரரை, "நீங்க முன்னால போங்க" என்று அனுப்பிவிட்டேன். ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து, பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து அழுதீர்கள்.

"மூத்தவன் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்டி. அப்பல்லாம் எப்பவாவதுதான். இப்ப வருதுன்னு தெரியுது, அடக்கத்தான் முடியல. விரதமெல்லாம் இதுக்குத்தான்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"வயிறு சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அடுத்த வாரம் நான் கூட்டிப்போன மதுரை டாக்டரம்மா நிதானமாகப் பரிசோதித்தார். ஆசனவாயைச் சுற்றி வளையம்போல ஒரு சதை இருக்கிறது, அது இறுக்கிப் பிடித்தால்தான் மலத்தை அடக்க முடியும் என்றார். தலைப்பிரசவத்தில் அது கிழிந்திருக்கிறது, சரியாகச் சேரவில்லை. வயது ஏற ஏற மற்ற சதைகளும் தளர்ந்ததில் தொந்தரவு கூடிவிட்டது. நீங்கள் தலை நிமிராமல் கேட்டீர்கள்: "அப்ப இது என் அசுத்தம் இல்லையாம்மா?"

"இது காயம்தாம்மா. கை ஒடிஞ்சா வெக்கப்படுவீங்களா?"

அன்றைக்குத்தான் மாமாவிடம் சொன்னீர்கள். அடுத்த தடவை உங்களைக் கூட்டிப்போனவர் அவர்தான். சதையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, சாப்பாட்டில் மாற்றம், கொஞ்சம் மாத்திரை. தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் பார்க்கலாம் என்றார்கள். முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் பயம் போயிற்று. மெத்தை விரிப்பை மாற்றும்போது, "இப்பவும் பயிற்சிதான்டி பண்றேன், ஒனக்குத் தெரியுதா?" என்று கண்ணடிப்பீர்கள். ஒருநாள் என் தூக்குவாளியைத் திறந்து நாலு இட்லியையும் தின்றுவிட்டீர்கள். எனக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் பட்டினி கிடந்ததே இல்லை, அக்கா.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எங்களோடு துணி துவைக்க ஒரு புதுப்பெண் வருகிறாள், கைக்குழந்தைக்காரி. நேற்று அவளைத் தனியே கூப்பிட்டு, "பிரசவத்துக்கு அப்புறம் அடக்க முடியாம எதுவும் கஷ்டமா இருக்கா, ஆத்தா?" என்று நேராகவே கேட்டேன். முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க," என்று சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.