அறுபத்திரண்டாவது சிப்பி

1949 பிப்ரவரி 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபைக்கூட்டம். இராமநாதபுரத்திலிருந்து குருவானவர் சைக்கிளில் வந்திருந்தார். மிஷன் துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார், இனிமேல் சபையை நீங்களே நடத்தவேண்டும், கமிட்டிக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார். புதுச் சட்டப்படி பெண்களுக்கும் ஓட்டு உண்டாம். நிற்கவும் செய்யலாமாம்.

நாலு பேர் போட்டியில்லாமல் வந்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு மோசே எழுந்தார். உடனே பெண்கள் பாயிலிருந்து ராக்கு எழுந்தாள்! ஞானஸ்நானத்தில் நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ராகேல். அப்படி ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. விதவை, கூலிவேலை. என்னிடம் எழுத்துப் படிக்க வந்து பாதியில் நின்றவள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் கமிட்டியில் உட்கார்ந்து என்ன செய்வாள்?

கேட்டேவிட்டேன். "கிணறு வெட்டச் சொல்லுவேன், வாத்தியாரய்யா" என்றாள்.

துரை விட்டுப்போன பணத்தை வைத்து ஒரு காரியம்தான் செய்யமுடியும். ஒன்று மணிக்கூண்டு, இல்லாவிட்டால் கிணறு. நாலு பேரில் இரண்டு பேர் மணிக்கு, இரண்டு பேர் கிணற்றுக்கு. ஆக, ஐந்தாவது ஆள் சொல்வதுதான் நடக்கும்.

மோசே மணிக்கூண்டுக்காரர். எனக்கும் மணிதான் வேண்டும். பொய் சொல்வானேன்? பன்னிரண்டு வருடமாகத் தண்டவாளத் துண்டைத் தட்டித்தான் ஜனங்களைக் கோயிலுக்குக் கூப்பிடுகிறேன்.

பிப்ரவரி 9

இன்று மேலத்தெரு ஊருணிப் பக்கம் போனேன். எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேர் கரையில் வெறுங்குடத்தோடு நின்றார்கள். நாங்கள் ஊருணியில் குடத்தை முக்கக் கூடாது. மேலத்தெருக்காரர் யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் தண்ணீர். பெரிய பண்ணை செல்லச்சாமியின் மனைவி நாகலெட்சுமி அம்மாள் வந்து, தன் குடத்தை நிரப்பிக்கொண்டு, யாரையும் பாராமல் போனார். வரிசையில் முதலில் நின்றவள் ராக்கு.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் திரும்பினேன்?

பிப்ரவரி 16

பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. எப்படி ஓட்டுப்போடுவது? என் மனைவி வியாகுலம்தான் வழி சொன்னாள். அவள் பாம்பன்காரி, கத்தோலிக்கக் குடும்பம். என்னைக் கட்டியதற்காக இன்றுவரை அவள் அண்ணன் இந்த வாசல் மிதிக்கவில்லை. கடற்கரையிலிருந்து ஒரு பெட்டி சிப்பி வரவழைத்துவிட்டாள். தலைக்கு ஒரு சிப்பி. நிற்கிற இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பானை. வாரவாரம் பெண்கள் கைப்பிடி அரிசி கொண்டுவந்து போடுவார்களே, அதே பானைகள்.

பானையில் அடையாளம் வேண்டுமே என்று மோசேயின் பானையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டேன். ராக்குவுக்கு ஒரு வட்டம்.

வியாகுலம் வந்து பார்த்தாள். "நல்லா இருக்கு உங்க நியாயம்! சிலுவையத் தாண்டி எவ கை வட்டத்துக்குப் போகும்?"

நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றேன். நினைக்கவில்லையா? அவளே சிலுவையை அழித்துவிட்டு மீன் வரைந்தாள்.

பிப்ரவரி 20, ஞாயிறு

ராக்கு முப்பத்தொன்று. மோசே முப்பது.

கொடுத்த சிப்பி அறுபத்திரண்டு, பானைகளில் இருந்தது அறுபத்தொன்று. "ஒன்று குறைகிறதே" என்றார் குருவானவர். பாய்க்கடியில் தேடினார்கள். பிறகு, போகட்டும் என்றுவிட்டார்.

அது என் சட்டைப் பையில் இருக்கிறது. திரைக்குப் பின்னால் போனேன். மீனில் போடக் கை வரவில்லை, ஊருணிக்கரை கண்ணில் நின்றது. வட்டத்தில் போடவும் மனம் வரவில்லை. இரண்டுங்கெட்டான். வெளியே வந்தபோது ராக்கு கும்பிட்டாள், நான் போட்டுவிட்டேன் என்று நினைத்து. எனக்கு உடம்பு கூசிவிட்டது.

ஜூன் 3

கிணற்றில் இருபது அடியிலும் ஈரமில்லை. கடலோரத்து மண், வந்தாலும் உப்பாகத்தான் வரும் என்று மோசே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

ஜூன் 11

தண்ணீர்! முதல் வாளியை வியாகுலத்திடம் நீட்டினார்கள், உப்பைப் பற்றித் தீவுக்காரிக்குத்தான் தெரியும் என்று. வாயில் விட்டுக் கொப்பளித்தாள். மறுபடி குடித்தாள். "ஏத்தா ராக்கு, எளநி கெட்டுச்சு போ!" என்றாள்.

பெண்கள் போட்ட குலவை மேலத்தெருவரைக்கும் கேட்டிருக்கும். மோசே நாலு செம்பு குடித்தார். நான் தண்டவாளத்தைத் தட்டினேன், கை ஓயும்வரை.

1950 மார்ச் 12

கமிட்டிக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள் ராக்கு. வாசித்தேன். "பொம்பளப் பிள்ளைகள அஞ்சாவதுக்கு முன்ன பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேனே, அது எங்கன?" என்றாள். நான் எழுதவில்லை. முக்கியமாகப் படவில்லை.

மார்ச் 14

ராக்கு சிலேட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

1952 ஜனவரி 11

சர்க்காரின் முதல் தேர்தல். பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. எங்கள் பெண்களுக்குப் பயமே இல்லை. பானைக்குப் பதில் பெட்டி, மீனுக்குப் பதில் வேறு படம், அவ்வளவுதானே என்கிறார்கள்! விடியும்போதே குளித்து, முக்காடு போட்டு, வரிசையில் முதலில் நின்றுவிட்டார்கள்.

செல்லச்சாமியின் ஆள் ஓடிவந்தான். "ஏய், பெரியவுக போட்டு முடிக்கட்டும். நீங்க பொழுதிறங்க வாங்க."

யாரும் அசையவில்லை. ராக்கு சொன்னாள்: "எங்க கோயில்ல வந்த வரிசதான். இங்கனயும் அப்படித்தான்னு சொன்னாக." உள்ளேயிருந்து அதிகாரி எட்டிப்பார்த்து, "வரிசைன்னா வரிசைதான்" என்றார். அந்த மனிதருக்கு நூறு ஆயுசு.

ஒரு கூத்தும் நடந்தது. பெட்டியைப் பார்த்ததும் கோயில் பானை நினைப்பில் முந்தியை அவிழ்த்திருக்கிறார்கள். ஓட்டுச் சீட்டோடு கைப்பிடி அரிசியும் உள்ளே போய்விட்டது. அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "இது காணிக்கைப் பெட்டி இல்லம்மா!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்சம் பெருமையும்தான்.

1960 மே 22

இரண்டு வருடமாக மழை இல்லை. ஊருணி வெடித்துக் கிடக்கிறது. இன்று எங்கள் கிணற்றடிக்கு நாகலெட்சுமி அம்மாள் குடத்தோடு வந்தார். எட்ட நின்று, யாராவது ஊற்றுவார்கள் என்று காத்திருந்தார். எங்கள் பெண்கள் சிலருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். நிற்கட்டும் என்றாள் ஒருத்தி, காதில் விழும்படி.

ராக்கு வாளிக்கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "இங்கன யாருக்கும் யாரும் ஊத்துறதில்லம்மா. நீங்களே எறச்சுக்கங்க. கயிறு வழுக்கும், பாத்து."

அந்த அம்மாள் தயங்கினார். பிறகு இறைத்தார்.

ஆகஸ்ட் 2

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ராக்கு நிற்கிறாள். மனுவில் அவளே கையெழுத்துப் போட்டாள்: ராகேல். "இதுக்காச்சும் ஒதவட்டும், நீங்க வச்ச பேரு" என்றாள்.

ஆகஸ்ட் 21

ஜெயித்துவிட்டாள். மேலத்தெருவிலிருந்தும் விழுந்திருக்கிறது. கிணற்றடிக்கு வந்துபோகும் பெண்கள்தான், வேறு யார்?

மாலையில் வீட்டுக்கு வந்தாள். வியாகுலம் காப்பி கொடுத்தாள். பதினொரு வருடமாக டிரங்குப் பெட்டியில் கிடந்ததை எடுத்துவந்து ராக்குவின் முன்னால் வைத்தேன். அன்றைக்கு நான் உனக்குப் போடவில்லை, யாருக்குமே போடவில்லை என்றேன். வியாகுலம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராக்கு சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியும் வாத்தியாரய்யா. ஒண்ணு கொறையுதுன்னு எல்லாரும் பாய ஒதறிக்கிட்டு இருந்தோம். நீங்க மட்டும் சட்டப்பையப் பொத்திக்கிட்டு நின்னீக."

இத்தனை வருடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே இவள்!

"இந்தத் தடவை போட்டேன் ராக்கு" என்றேன்.

"அதுவும் தெரியும்."

"எப்படி?"

"வெளிய வாரப்ப ரெண்டு கையையும் வீசிக்கிட்டு வந்தீக" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தாள்.