நான்காம் பாடத்தின் முதல் வார்த்தை

அன்பு மகனுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

நான் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து ஏதோ குழந்தை கிறுக்கியது என்று நினைத்துவிடாதே. முதியோர் வகுப்பில் ஏழு மாதம் உட்கார்ந்ததன் பலன் இது. இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ‘ஞ’ மட்டும் இன்னும் அடங்க மாட்டேன் என்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் பிணத்தின் கால் கட்டைவிரலில் பெயர்ச் சீட்டைக் கட்டும்போது, ஆள் அடையாளத்துக்கு நூலில் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று போட்டுவைப்பேன். இப்போது பெயரை வாசித்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். முப்பத்தொரு வருஷம் எத்தனை பேரை வெறும் முடிச்சாகவே அனுப்பிவிட்டேன்! உன் அம்மாவின் சீட்டுக்கு மட்டும் முடிச்சு தேவைப்படவில்லை.

சீனம் மட்டுமே பேசும் பேத்தியோடு பேசும் ஆசையில் போனில் சீனப் பாடமும் கேட்க ஆரம்பித்தேன். வகுப்பு டீச்சர், “பெரியவரே, தமிழுக்கே இன்னும் பல்லு முளைக்கல, அதுக்குள்ள சீனமா?” என்று சிரித்தார். நான்காம் பாடம் தொழில்கள். டாக்டர், நர்ஸ், டிரைவர், சமையல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். என் வேலை இல்லை. கிடைத்த வார்த்தைகளை ஒட்டி ஒரு வரி தேற்றினேன்: வோ சாய் யீயுவான் கொங்சுவோ. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். பிணங்களைக் கழுவிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பழகினேன். யாரும் தப்புச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேத்தி என்னிடம் ஏதோ கேட்டாளே, எனக்குப் புரிந்துவிட்டது! தாத்தா என்ன வேலை செய்கிறீர்கள் என்று, பாடத்தில் வருகிற அதே கேள்வி. தொண்டையைச் செருமிக்கொண்டு நான் “வோ” என்று தொடங்குவதற்குள், நீ பக்கத்திலிருந்து “லாவ்ஷி” என்றாய். மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து மரியாதையாகச் சிரித்தாள். என்னிடம் நீ, “சாப்டீங்களான்னு கேக்குறாப்பா” என்றாய். சாப்பிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

லாவ்ஷி என்றால் வாத்தியார். அந்தப் பாடத்தில் முதல் வார்த்தையே அதுதான்.

கோபமில்லை, கண்ணு. கல்யாணம் பேசும்போதே அப்படிச் சொல்லியிருப்பாய். சொன்னதை இனி மாற்றாதே, குழந்தை குழம்பிப்போவாள். சீனப் பாடத்தை நிறுத்திவிட்டேன். எனக்கு அதிகம் புரிந்தால் உனக்குத்தான் சங்கடம்.

தமிழ் வகுப்பை விடமாட்டேன். தினமும் இரண்டு பக்கம் எழுதிப் பழகுகிறேன். கையெழுத்து நேராகும்வரை இந்தக் கடிதம் மருமகள் கண்ணில் படாமல் பத்திரமாக வை. தமிழ் தெரியாவிட்டாலும் கோணல் தெரியுமே. வாத்தியார் கையெழுத்து இப்படியா இருக்கும் என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்?

பேத்தி என்னை என்னவென்று நினைத்து வளர்ந்தாலும், நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா