தொண்டையில் நின்ற மிச்சம்

மகளுக்கு,

நேற்று உன் நாடகத்தைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். எல்லாப் பாத்திரமும் நீ ஒருத்தியே. என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மேடையிலிருந்த பெட்டியைப் பார்த்து "போ" என்றாய். அரங்கமே மூச்சை அடக்கியது. பக்கத்து இருக்கைக்காரி என் காதில், "பெத்தவளா இவ? பாவி!" என்றாள். நானும் தலையாட்டி வைத்தேன்.

ஆறு வருடத்துக்கு முன், நடிக்கப் போகிறேன் என்று நீ பெட்டியோடு நின்றபோது, "போயிட்டு வா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "போ" மட்டும் வந்தது; மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதற்குள் நீ படியிறங்கிவிட்டாய்.

வசனத்தை மாற்றாதே. மேடைக்கு அதுதான் எடுப்பு.

நாளை கடைசிக் காட்சிக்கு முதல் வரிசையில் இருப்பேன். பிடிக்கவில்லையென்றால் என்னைப் பார்த்தே அந்தச் சொல்லைச் சொல், எழுந்துவிடுகிறேன்.

அன்றைய மிச்சத்தை மட்டும் எழுதிவிடுகிறேன்: வா.

அம்மா