உப்புச் சுரங்கத்து மியூவான்கள்

மார்ச் 22, 2025, சனி. பிளானோ
அறிவியல் கண்காட்சிக்கான என் கருவி பால்கனியில் பதினெட்டாவது நாளாக ஓடுகிறது. மணிக்கு எத்தனை மியூவான் வருகிறது, காற்றழுத்தம் எவ்வளவு, இரண்டையும் குறிக்கிறது. வானத்திலிருந்து வரும் இந்தத் துகள்கள் பாறையையும் துளைக்கும். பாறைக்குள் வெற்றிடம் இருந்தால் கீழே அதிகம் வந்து சேரும். இதை வைத்துத்தான் ரிச்சர்ட்சன் ஊரில் இருக்கும் அப்பாவின் கம்பெனி எண்பது மைல் தள்ளி ஓர் உப்புச் சுரங்கத்தின் கூரையைக் கண்காணிக்கிறது.

அங்கே எலக்ட்ரீஷியன் டேல். அப்பாவின் கருவியை அவர் "பேய் எண்ணுற டப்பா" என்று கிண்டல் செய்வாராம். எனக்கு ஓர் உப்புக்கட்டி அனுப்பியிருக்கிறார். நக்கிப் பார்த்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்
காற்றழுத்தம் குறைந்தால் மியூவான் கூடும். அந்தக் கூடுதலைக் கழித்துவிட வேண்டும். என் அழுத்தக் கணக்கை அப்பா கொண்டுவந்த சுரங்கத்துக் கணக்கோடு ஒப்பிட்டேன். போன வாரம் அங்கே அழுத்தம் மளமளவென்று இறங்கியிருக்கிறது. இங்கே இறங்கவே இல்லை. எண்பது மைலில் வானம் அவ்வளவு மாறுமா?

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாரோமீட்டரை டப்பா பக்கத்துலயே மாட்டிட்டேன் கண்ணு. அங்க புதுசா எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாங்க. அது இழுத்ததுல ரீடிங் எறங்கியிருக்கு."

அப்படியானால் வானிலை என்று கழித்த மியூவான்கள் எல்லாம் உண்மை. சுரங்கத்தில் அப்பாவின் கருவி இருக்கும் ஏழாம் பாதைக்கு மேலே பாறை விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது.

"டேலுக்கு இப்பவே கால் பண்ணுங்கப்பா."

"மேனேஜர் மகாதேவன்கிட்ட சொல்லாம எப்படி? என் மிஸ்டேக் இது. கிரீன் கார்டு இந்த ஸ்டேஜ்ல இருக்கறப்ப... வீக்கெண்ட்ல ரீ-ரன் பண்ணிட்டு மண்டே ரிப்போர்ட் குடுத்தர்றேன். நீ யார்கிட்டயும் பேசாத."

ஏப்ரல் 5
அப்பா கணக்கை மூன்றாவது முறை ஓட்டிவிட்டார். அதே விடை.

ஏப்ரல் 6
ஞாயிற்றுக்கிழமை சுரங்கம் லீவுதானே? அப்பாவிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்
காலை எட்டு மணிக்கு அப்பா ரிப்போர்ட் அனுப்பினார். எட்டேகாலுக்கு போன் வந்தது. நேற்று மத்தியானமே ஏழாம் பாதைக் கூரை விழுந்துவிட்டது. வயரிங் பார்க்க டேல் மட்டும் உள்ளே போயிருந்தார்.

நான் ஏன் கால் பண்ணல — டேல் நம்பர் ஃப்ரிட்ஜ்லயே ஒட்டியிருந்துச்சே — அப்பா சொன்னா? அப்பா சொன்னா பண்ணக்கூடாதா?

ஏப்ரல் 8
டேலை எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை.

ஏப்ரல் 11
கண்காட்சிக்குப் பெயர் கொடுத்ததை ரத்து செய்தேன். டீச்சர் காரணம் கேட்டார். கருவி பழுது என்றேன்.

ஏப்ரல் 24
இன்று சுரங்க விபத்து விசாரணை. அப்பா இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"எப்ப தெரிஞ்சதுன்னு கேட்டாங்க," என்று தட்டைப் பார்த்தபடி சொன்னார். "மண்டே காலைலதான்னு சொல்லிட்டேன். ரிப்போர்ட்லயும் அந்த டேட்தான் இருக்கு."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

"ஆறிப்போயிரும். சாப்பிடு சாமி."

சாப்பிட்டேன்.