கோழி மயிலாகுமட்டும்

இஞ்சேரும் தவமணி,

துணுக்காயிலை நீரும் மாடுகளும் சுகமே? மூட்டு நோவு எப்பிடி? நான் கொழும்பிலை நல்ல சுகம். இன்னும் வடிவாத்தான் இருக்கிறன்.

நான் காவல் நிக்கிற பச்சை குத்துற கடைக்காரப் பிள்ளை யதுர்ஷிகா, "ஐயா, உங்கடை கை நடுங்குதில்லை, தொழிலைப் பழகுங்கோவன்" எண்டு கேட்டவா. மாட்டுக்குக் குறி சுட்டதைத் தவிர நான் என்னத்தைக் கீறினனான்? பழகிற ரப்பர்த் தோலிலை மயில் கீறினன். "கோழி வடிவா இருக்கு" எண்டா.

ரோசம் வந்திட்டுது. நேற்று என்ரை முழங்காலுக்கு மேலை உம்மடை பேரின்ரை 'த'வைக் குத்திப் பாத்தன். பயப்பிடாதேயும், எறும்பு கடிச்ச மாதிரித்தான். பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சா.

"ஐயா, எழுத்துத் தலைகீழாக் கிடக்கு!"

குனிஞ்சு குத்தினால் வேறை எப்பிடி வரும்? "நான் பாக்கத்தானே குத்தினனான், பிள்ளை. எனக்கு நேராத்தான் தெரியுது" எண்டன்.

திங்கக்கிழமை தொழில் பழகத் தொடங்கிறன். கோழி மயிலாகுமட்டும் விடமாட்டன். வழமையா அனுப்புற மிளகாய்த்தூளோடை உம்மடை படம் ஒண்டும் அனுப்பும், முகம் கீறிப் பழக. அதுவும் கோழி மாதிரி வந்தால் பிழை என்னிலை இல்லை.

கோவிக்காதேயும். குறி போட்ட மாடு துலைஞ்சால், காணுற ஆக்கள் சொந்தக்காரரிட்டைக் கொண்டுவந்து விடுவினம்தானே. என்ரை காலிலையும் இப்ப உம்மடை எழுத்துக் கிடக்கு.

கடை திறக்கிற நேரம், ஓடுறன்.

உம்மடை
ஐயாத்துரை