கட்டையனைத் தார் ரோட்டில் நடத்தாதே

அண்ணா,

"கெழட்டு நாயிக்கு எந்த ரோடா இருந்தா இன்னாடி?" என்று நேற்று கேட்டாய். அதற்குப் பதிலை இந்தச் சீட்டில் எழுதி வைக்கிறேன்.

நாம் போட்ட ரோடு வழவழவென்று இருக்கிறது என்று பெருமையாகக் கட்டையனை அதன்மேல் கூட்டிப்போனாயே, புதுத் தார் வெயிலில் இளகும் என்று ரோடு போடுகிற உனக்குத் தெரியாதா? நாலு பாதத்திலும் ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் தடவித் தடவி நான்தான் எடுத்தேன். நீ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாய்.

அவனால் நடக்க முடியாவிட்டால், கூடாரம் வல்லத்துக்கு மாறும்போது இங்கேயே விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. அவன் நடப்பான். வழிதான் சரியாக இருக்க வேண்டும்.

நான் அம்மாவோடு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கிற டாக்டரிடம் போகிறேன். வெயில் ஏறுவதற்குள் அவனை வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப்போ. அங்கே புல் மெத்தென்று இருக்கும். புங்கமரம் வரை போதும். ஏரிக்கரைமேல் ஏற்றாதே, இறங்கும்போது பின்னங்கால் மடிந்துவிடுகிறது. அவன் நின்றால் நீயும் நில். இழுக்காதே.

கூழ் மூடி வைத்திருக்கிறேன். அவனுக்கும் ஊற்று. உனக்கு வெங்காயம் உரித்திருக்கிறேன். அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே.

பின்குறிப்பு: எழுதி முடிப்பதற்குள் எழுந்து வந்து, என் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாய். ஆனாலும் சீட்டை வைத்துவிட்டுத்தான் போவேன், அப்பாவும் படிக்கட்டும். இதோ, கட்டையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜல்லிக் குவியலைத் தாண்டி வாய்க்கால் பக்கம் போகிறாய்.