ஸ்பீக்கரில் சொன்ன ரகசியம்

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, ஒப்புக்குக் கேட்டுவைக்கிறேன்.

நேற்று மாலை சாரணர் டீச்சருக்குப் போன் செய்தாயே, அப்போது அவர் இரண்டு கையாலும் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பிள்ளை ஸ்பீக்கரைப் போட்டு அவர் காதருகே நீட்டியது. "எம்பொண்ணு ராத்திரி படுக்கைய நனைச்சிடுவா, முகாமுக்கெல்லாம் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாய். பதினெட்டுப் பிள்ளைகளும் கேட்டார்கள். டீச்சர் கயிற்றை விட்டுவிட்டுப் போனை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் மகள், நம் சுண்டெலி, அழவில்லை. கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து, நாலாக மடித்து, அவளைக் கூட்டிப்போக வந்திருந்த என்னுடைய டூல் பாக்ஸுக்குள் வைத்தாள். "மாமா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

படுக்கையை நனைப்பது நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது, அக்கா. நீ வேலைக்கென்று அங்கே போய் இரண்டு வருஷம். நான் சொல்லாதது தப்புதான். ஆனால் நீ கேட்டாயா? வாரா வாரம் சாப்பிட்டாளா, மார்க் எவ்வளவு, இரண்டே கேள்வி.

நானும் யோக்கியன் இல்லை. அவளைச் சேர்த்த அன்றே டீச்சர் பெற்றோரையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார்: "உங்க பிள்ளை பேட்ஜைக் கோணலாத் தைக்கும், ஒத்தைச் சாக்ஸோட திரும்பி வரும். நீங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. அதுதான் உங்க வேலை." லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தளர்ந்த முடிச்சைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அடுத்த வாரமே அவள் கட்டியதை அவிழ்த்து நான் இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள், "உங்க லிஃப்டுல நான் வந்து ஸ்க்ரூ திருகினேனா?" என்றாள். அன்றோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இப்போது அவள் போடும் முடிச்சை நானே இழுத்தாலும் அசையாது.

முகாம் சனிக்கிழமை. படிவம் இந்த மெயிலுடன் இருக்கிறது. என் கையெழுத்து செல்லாதாம், அம்மாதான் போடவேண்டுமாம். நாளை மாலைக்குள் போட்டு அனுப்பு. பூச்சி, பாம்பு, மழை என்று ஆரம்பிக்காதே. அதையெல்லாம் டீச்சரிடம் நான் கேட்டாயிற்று.

அதற்கு முன் அவளைக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல். பத்து வயசுப் பிள்ளையிடம் என்ன மன்னிப்பு என்று எகிறாதே. நேற்று அவமானப்பட்டதும் அந்தப் பத்து வயசுதான். சொல்லிவிட்டு, எந்த முடிச்சு கஷ்டம் என்று கேள். அரை மணி நேரம் பேசுவாள். நடுவில் புத்தி சொல்லாதே.

டூல் பாக்ஸை இன்று வீட்டிலேயே விட்டுப் போனேன். இரவல் ஸ்பேனரில்தான் வேலை ஓடியது. ஸ்கார்ஃப் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. அவளாக எடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எடுக்க வைக்க உன்னால்தான் முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. சீக்கிரம் கூப்பிடு, அக்கா.

இன்னும் கோபம் தணியாத
உன் தம்பி